காலர் பட்டையில் எண்பத்து நாலு ஓட்டு

ஒரு நகராட்சித் தலைவரை நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைத்தவள் நான். அதற்கு எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் நாலு விரல் அகலத்தில் ஒரு காகிதம். சரி, சரி, கொஞ்சம் மிகைதான். நாற்காலி அறையிலேயே இருந்தது. அவர் மட்டும்தான் வெளியே வந்தார், அதுவும் தன் காலால் நடந்து. அந்தக் காகிதத்தையும் நான் செய்யவில்லை. செய்தவர்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் நான் எங்காவது வந்து நுழைந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு சலவைக் கடை. ‘ஒரே நாளில் சலவை’ என்று பலகை சொல்லும். நாலாம் நாள் போனால் துணி கிடைக்கும். கடைக்காரரை ஊரே ‘மொடமொட’ என்றுதான் கூப்பிடும். அவர் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிய சட்டையைத் தரையில் வைத்தால் அது தானாக நிற்கும். நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அது எனக்கு வணக்கம் சொன்னது. (கடைசியாகச் சொன்னதை நம்ப வேண்டாம்.)

மொடமொட முதலில் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். ஒரு பணக்காரர் செத்துப்போன அறிவிப்பை அச்சடிக்கச் சொன்னார்கள். ‘தாராள மனம் கொண்டவர்’ என்று குடும்பம் எழுதிக் கொடுத்திருந்தது. அதற்குக் கீழே இவர், ‘யாருக்கு என்பதுதான் தெரியவில்லை’ என்று தன் கைவரிசையாக ஒரு வரி சேர்த்துவிட்டார். அறுநூறு பிரதி ஊரெல்லாம் ஒட்டிய பிறகுதான் குடும்பம் படித்தது. அன்று மாலையே வேலை போனது. அடுத்த மாதம் சலவைக் கடைக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த மேசையை விட்டு நகரவில்லை. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். “ஜனங்களோட முகத்தைவிட ஜனங்களோட சட்டை உண்மை பேசும்மா” என்பார்.

கடையின் மூளை அவர் மனைவி. வரும் துணியைப் பிரிப்பது, பைகளைத் துழாவுவது, எண் குறிப்பது எல்லாம் அவர்தான். பைக்குள் என்ன கிடைத்தாலும் ஒரு தகர டப்பாவில் போடுவார். கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பார்: சாவி இரண்டு, மூக்குக் கண்ணாடி ஒன்று, பல்செட் ஒன்று. மூன்று மாதத்துக்குள் யாரும் கேட்டு வரவில்லை என்றால் அந்த வரியின் மேல் ஒரு கோடு. பொருள் கடைக்குச் சொந்தம்.

காகிதம் கிடைத்தால் எண்ணுவார், படிக்க மாட்டார். அது அவர் அப்பா காலத்துச் சட்டம். நான் ஒருமுறை, “ஒரு வரிகூடவா கண்ணில படாது?” என்று கிண்டினேன்.

“மத்தவங்க பாக்கெட்ல இருக்கறதப் படிக்க ஆரம்பிச்சா இந்தத் தெருவுல பாதிக் குடும்பம் நிக்காதும்மா” என்றார். “உங்க வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

அன்று வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரின் பைகளை எல்லாம் துழாவினேன். ஒரு பல்குத்தும் குச்சிதான் இருந்தது. மனுஷனுக்கு அதற்கும் துப்பில்லை.

மூன்று மாதம் கடந்த காகிதம் காலர் பட்டையாகிவிடும். சட்டையை மடிக்கும்போது காலர் தொங்காமல் இருக்க உள்ளே செருகுகிறார்களே, அந்தப் பட்டைதான். ஒற்றைத் தாள் நிற்காது என்பதால் இரண்டு தாளைக் கஞ்சியால் ஒட்டுவார்கள். எழுத்துள்ள பக்கம் இரண்டும் உள்ளே, வெறும் பக்கம் இரண்டும் வெளியே. அடுத்தவர் எழுத்தை யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. வெளிப்பக்கத்தில் மொடமொட வாடிக்கையாளரின் எண்ணைப் போடுவார். எங்கள் எண் பதினேழு.

ஒருநாள் எண்ணுக்குக் கீழே இடம் காலியாக இருப்பது அவர் கண்ணை உறுத்தியது. அச்சகத்துக் கை அல்லவா? வங்கி மேலாளரின் சட்டைக்குள் இப்படி எழுதி அனுப்பினார்:

சட்டைப் பையில் மைப்பேனா
சாய்ஞ்சு படுத்தது ஏன் தானா?
மூடியைத் தொலைச்ச மகராசா,
மூணு நாள் தேய்ச்சது லேசா?

மேலாளர் கோபப்படவில்லை. அதைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் ஆளாளுக்கு, “என் சட்டைக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அழுக்கே ஆகாத சட்டையைக்கூடச் சலவைக்குப் போட்டார்கள். இந்த நேரத்தில்தான் நகராட்சித் தலைவர் தேர்தல் வந்தது.

பதினோரு பேர் நின்றார்கள். அதனால் ஓட்டுச்சீட்டு ஒரு முழ நீளம். அதில் ஒன்பது பேருக்கு அவரவர் வீட்டு ஓட்டே விழவில்லை. மீதி இரண்டு பேருக்குத்தான் போட்டி. ஒருவர் ஏற்கெனவே தலைவராக இருந்தவர். கண்ட இடத்தில் கத்திரியோடு போய் நிற்பதால் அவர் பெயர் ‘ரிப்பன்’. இன்னொருவர் எதைக் கேட்டாலும் சிரிப்பவர். செத்த வீட்டிலும் சிரிப்பார். அவர் ‘பல்வரிசை’. இரண்டு பேருக்கும் தனித்தனியாக அறிவு இருந்ததாக அவர்கள் தாயார்களே சொன்னதில்லை. மொடமொட இரண்டு பேருக்கும் பாரபட்சமில்லாமல் எழுதினார்.

கழிப்பறை கட்டினார் ஒரு தரம்,
கத்திரி வைத்தார் மூணு தரம்;
ரிப்பன் விழுந்தது மூணு தரம்,
தண்ணிதான் விழலை ஒரு தரம்.

இது ரிப்பனுக்கு. பல்வரிசைக்கு இது:

முப்பத்திரண்டும் தெரியச் சிரிச்சார்,
முன்னூறு வாக்குறுதி விரிச்சார்;
பல்லை எண்ணினாக் கணக்கு வரும்,
சொல்லை எண்ணினா மயக்கம் வரும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஓட்டு எண்ணினார்கள். முதல் எண்ணிக்கையில் ஒன்பது ஓட்டில் ரிப்பன் ஜெயித்தார். பல்வரிசை ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி எண்ணினார்கள். ஆறு ஓட்டில் பல்வரிசை ஜெயித்தார். ரிப்பன் மேசையைப் புரட்டிவிட்டார். மை கொட்டியது, நாற்காலி பறந்தது, ஒருவருடைய பல்செட் காணாமல் போனது. மறுநாள் மூன்றாம் முறை எண்ணினால் ரிப்பன் ஐந்து ஓட்டு முன்னால் இருந்தார். ஆனால் மொத்தத்தில் எண்பத்து நாலு சீட்டு குறைந்தது.

முதல்முறை எண்ணினா இவர் ஜெயம்,
மறுமுறை எண்ணினா அவர் ஜெயம்;
மூணாம் முறைக்குச் சீட்டே மாயம்,
எண்ணத் தெரியாத ஊருக்கு என்ன நியாயம்?

தான்தான் தலைவர் என்று இருவரும் ஒரே நாளில் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். ரிப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பல்வரிசை வீட்டிலிருந்து தன் சாப்பாட்டு மேசை நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி எதிரே போட்டுக்கொண்டார். மூன்று மாதம் இந்தக் கூத்து. குப்பை வண்டியைக் கிழக்கே போகச் சொல்லி ஒருவர் கையெழுத்துப் போடுவார், மேற்கே போகச் சொல்லி மற்றவர் போடுவார். வண்டி ஓட்டுநர் இரண்டு தாளையும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். எங்கள் ஊரிலேயே அறிவாளி அவர்தான்.

ஒரே அறையில் தலைவர் ரெண்டு,
ஒவ்வொருவர்க்கும் நாற்காலி உண்டு;
தெருவிலே குப்பை ஆறு வண்டி,
அறைக்குள் இருப்பது அதையும் தாண்டி.

இந்தப் பாட்டுதான் வினை. சலவைக் கடை இருந்தது நகராட்சிக் கட்டடத்தில். அந்த வருஷம் குத்தகையைப் புதுப்பிக்கத் தலைவரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குப் பதிலாக ஒரே வாரத்தில் இரண்டு நோட்டீஸ் வந்தது. இரண்டிலும் ‘மாத முடிவுக்குள் கடையைக் காலி செய்க’ என்றுதான் இருந்தது. மூன்று மாதத்தில் இரண்டு தலைவர்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

மொடமொட இரண்டையும் இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினார். அவர் மனைவி என்னிடம் வந்து, “அம்மா, நீங்க படிச்சவங்க. எழுதறத நிறுத்தச் சொல்லுங்க. இந்தக் கடைய விட்டா எங்களுக்கு வேற தொழில் தெரியாது” என்றார்.

நான் போய்ச் சொன்னேன். “ஏங்க, ரெண்டு மாசம் வாயை, அதாவது கையைக் கட்டிக்கக் கூடாதா?”

“நான் எழுதலன்னா மட்டும் அவங்க அழுக்கு போயிடுமாம்மா?” என்றார். “எழுதினாத்தான் இந்த வேலைய என்னால சகிச்சுக்க முடியுது. அந்த ரெண்டு பேரோட சட்டையையும் வாரா வாரம் நான்தான் தொவைக்கறேன். உங்களுக்கு என்ன தெரியும்?”

இதற்குள் எண்பத்து நாலு சீட்டைத் தேடி ஊரே அலைந்தது. ரிப்பனின் ஆட்கள் பல்வரிசை வீட்டுக் கிணற்றில் இறங்கினார்கள். பல்வரிசையின் ஆட்கள் ரிப்பன் வீட்டுக் கூரையில் ஏறி நாற்பது ஓடு உடைத்தார்கள். மொடமொட விடுவாரா?

எண்பத்து நாலு சீட்டைக் காணோம்,
எட்டுத் திசையிலும் தேடிப் பார்த்தோம்;
மூக்குக் கண்ணாடி நெத்தி மேலே,
முழு ஊரும் தேடுது கட்டில் கீழே.

இந்தப் பட்டை தற்செயலாக ரிப்பனின் சட்டைக்குள்ளேயே போய்விட்டது. தற்செயல் என்று மொடமொட சொல்கிறார். நான் அவரை நம்புகிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

மேலிடத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். சிரிப்புக்கு விடுமுறை கொடுத்த முகம். நகராட்சிக் கூடத்தில் பொது விசாரணை நடந்தது. நாங்கள் எல்லோரும் போனோம். எங்கள் வீட்டுக்காரரும் புதுச் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்தார். ரிப்பன் அந்தப் பட்டையை உயர்த்திப் பிடித்தார்.

“ஐயா, சீட்டு காணாமப் போனதப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல இந்த அவதூறப் பாருங்க! இவன் கடைக்கு இன்னிக்கே சீல் வைக்கணும்!”

“நான் அதை வழிமொழிகிறேன்” என்றார் பல்வரிசை, சிரித்துக்கொண்டே.

அதிகாரி பட்டையை வாங்கி மேசையில் வைத்துப் படித்தார். உதடு லேசாகத் துடித்தது. அதை மறைக்கத் தேநீர்க் கோப்பையை எடுத்தார். பாதித் தேநீர் பட்டையின் மேல் கொட்டியது. கைக்குட்டையால் ஒற்றினார். கஞ்சி இளகியது. அவர் கண் முன்னாலேயே பட்டை வாயைப் பிளப்பது போல இரண்டாகப் பிரிந்தது. உள்ளே பதினோரு பெயர், பதினோரு சின்னம், முத்திரை. இரண்டு ஓட்டுச்சீட்டு.

மொடமொட, “ஐயோ” என்றது எல்லோருக்கும் கேட்டது.

“திருடன்!” என்று கத்தினார் ரிப்பன். “திருடன்!” என்றார் பல்வரிசை. அந்த ஒரு தடவைதான் அவர் சிரிக்கவில்லை.

அதிகாரி மொடமொடவைப் பார்த்தார். “உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“ஓட்டுச்சீட்டு மேல பாட்டு எழுதினா என்ன தண்டனைன்னு தெரியுமா?”

நாலு வரிக்குக் குறையாமல் பேசுகிற மொடமொட சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடை போவது இருக்கட்டும், ஆளே உள்ளே போகும் நிலை.

அவர் மனைவி எழுந்து வெளியே ஓடினார். ஓட்டமென்றால் ஓட்டம், தெருவில் புழுதி மூன்று நாள் அடங்கவில்லை. திரும்பி வரும்போது தலையில் கரும்பலகை. அதை அதிகாரியின் மேசையில் தொப்பென்று வைத்தார்.

“படிச்சுப் பாருங்கய்யா. நாலாவது வரி.”

பல்செட்டுக்குக் கீழே, கோடு போட்ட வரி ஒன்று தெளிவாக இருந்தது: பள்ளிக்கூட மேசை விரிப்புக்குள் காகிதம் 84.

“எண்ணிக்கைக்கு மேசைமேல போட்ட வெள்ளை விரிப்பு எங்க கடையில வாடகைக்கு எடுத்தது. சண்டை முடிஞ்சதும் பள்ளிக்கூட வாட்ச்மேன் எல்லாத்தையும் சுருட்டி அப்படியே அனுப்பிட்டாரு. பிரிச்சேன், காகிதம் இருந்துச்சு, எண்ணினேன், எழுதி வெச்சேன். ரெண்டு தடவ ஆள் அனுப்பிக் கேட்டேன். ‘வேஸ்ட் பேப்பரா இருக்கும், நீங்களே வெச்சுக்குங்க’ன்னு சொல்லிட்டாரு. மூணு மாசம் வாசல்ல கெடந்துச்சு. அப்புறந்தான் ஒட்டினேன்.”

“அது என்ன காகிதம்னு பார்க்கலியா?”

“நாங்க படிக்க மாட்டோம்யா. எங்க தொழில்ல அது கூடாது.”

அதிகாரி இரண்டு தலைவர்களையும் பார்த்தார். “உங்க சட்டை எந்தக் கடைக்குப் போகுது?”

இருவரும் கரும்பலகையைக் கை காட்டினார்கள். வாரா வாரம் அவர்கள் ஆட்கள் அந்தப் பலகைக்குக் கீழேதான் நின்று சட்டை வாங்கினார்கள். கிணற்றில் இறங்கினார்கள், கூரையில் ஏறினார்கள், கழுத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. நானும் தினம் பார்த்தேன். பல்செட் யாருடையது என்று யோசிப்பதிலேயே எனக்கு மூன்று மாதம் போய்விட்டது. ஊரையே திட்டும்போது என்னை விட்டுவிடுவது முறையல்ல.

“மொத்தம் எத்தனை பட்டை?” என்றார் அதிகாரி.

“நாப்பத்திரெண்டுங்க” என்றார் மொடமொட. உயிர் திரும்பிய குரல். “எது எந்த எண்ணுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியும்.”

அவர் எண்களைச் சொல்லச் சொல்ல ஆட்கள் வீட்டுக்கு ஓடினார்கள். ஒன்றுகூடக் குப்பைக்குப் போயிருக்கவில்லை. பாட்டுக்காக ஒருவர் கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்தார், ஒருவர் மருந்துப் பெட்டியில் வைத்திருந்தார். வங்கி மேலாளர் தனக்குப் புதிதாக வந்ததைப் பெட்டகத்திலிருந்து எடுத்து வந்தார். அதிகாரிக்கு எதிரே வெந்நீர் அண்டா வைத்து, மொடமொடவின் மனைவி ஒவ்வொன்றாக உரித்தார். சீட்டுகளை மேசையில் பரப்பி எண்ணினார்கள். நாற்பத்தோரு பட்டை, எண்பத்திரண்டு சீட்டு. பல்வரிசைக்கு நாற்பத்து மூன்று, ரிப்பனுக்கு முப்பத்தெட்டு, ஒன்று செல்லாது. மூன்றாம் எண்ணிக்கையில் ரிப்பன் முந்தியிருந்த ஐந்து ஓட்டும் இதில் கரைந்துபோக, இருவரும் சரிக்குச் சமம்.

மீதி ஒரே ஒரு பட்டை. அது பதினேழாம் எண். எங்கள் வீடு.

நான் வீட்டுக்குப் போய் அலமாரியைப் புரட்டினேன், மெத்தையைத் தூக்கினேன். அங்கே கூடத்தில் ரிப்பன், “ரெண்டு சீட்டையும் ஒளிச்சு வெச்சிருக்கான்! கைது பண்ணுங்க!” என்று குதித்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் எனக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. அகராதிக்குள் அடையாளத்துக்காக நான்தான் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பட்டையை நானே வெந்நீரில் போட்டேன். இரண்டு சீட்டும் பல்வரிசைக்கு. ரிப்பன் அப்படியே கீழே உட்கார்ந்தார்.

அதிகாரி கடைசியாக இரண்டு நோட்டீஸையும் கேட்டு வாங்கினார். “கையெழுத்துப் போட்ட அன்னிக்கு ரெண்டு பேருமே தலைவர் இல்லை. ரெண்டும் செல்லாது” என்று கிழித்துப் போட்டார்.

மறுநாள் பல்வரிசை குத்தகைத் தாளோடு கடைக்கு வந்தார். அந்தப் பட்டைகள் இல்லாவிட்டால் தனக்குப் பதவி இல்லை என்பது அவருக்கே புரிந்திருந்தது. அவருக்கே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். “கடை இருக்கட்டும். பாட்டு மட்டும் வேண்டாம்” என்றார்.

“சரிங்க” என்றார் மொடமொட. “இனிமே உங்க சட்டைக்கு எழுத மாட்டேன்.”

கையெழுத்தும் விழுந்தது. அன்றிலிருந்து தலைவரின் சட்டைக்குள் வெறும் பட்டைதான் போகிறது. எண்கூடக் கிடையாது. வாரா வாரம் அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாராம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாராம், வெந்நீரில்கூடப் போட்டுப் பார்த்தாராம். என்ன எழுதாமல் விட்டிருக்கிறான் என்று யோசித்து யோசித்து மனிதர் சிரிப்பதையே குறைத்துவிட்டார்.

இதை எழுதி முடித்ததும் கடைக்குக் கொண்டுபோய்ச் சத்தமாகப் படித்தேன். மொடமொட இஸ்திரியை நிறுத்தாமல் கேட்டார். அவர் மனைவி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“எல்லாம் சரிம்மா. அந்தக் கடைசிப் பட்டை அகராதிக்குள்ளயா இருந்துச்சு?”

“வேற எங்க?”

“உங்க வீட்டு ஐயா கழுத்துல இருந்துச்சு. பட்டைய உருவாமலேயே சட்டையப் போட்டுக்கிட்டு, காலையிலேர்ந்து மொத வரிசையில தலையத் திருப்ப முடியாம உக்காந்திருந்தாரு. நீங்க வீட்ல மெத்தையத் தூக்கிக்கிட்டிருந்தப்ப இவருதான் பார்த்துட்டு ஓடிப்போய் உருவினாரு. நீங்க வந்து சேர்றப்ப எண்ணி முடிச்சாச்சு. யாரும் எழுந்திரிக்கல. அது போகட்டும், எல்லாப் பாட்டையும் எழுதிட்டு அதுல இருந்த பாட்ட மட்டும் ஏன் விட்டுட்டீங்க? அதிகாரி சத்தமாப் படிச்சாரே, எனக்கு மனப்பாடம்:

எதிர்வீட்டம்மா கதை விட்டாங்க,
எலியை யானையா அளந்துட்டாங்க;
துவைச்சாத் துணியும் சுருங்குமுங்க,
துவைக்கத் துவைக்க அவங்க கதை நீளுமுங்க.”